பரங்கிக்காய் சாக்லேட் ரொட்டி: ஓர் அமெரிக்க இலையுதிர்கால வழக்கத்தின் வரலாறு

வட அமெரிக்க வீடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அடிக்கடி சுடப்படும் இனிப்பு ரொட்டிகளில் ஒன்று பரங்கிக்காய் சாக்லேட் ரொட்டி. பரங்கி விழுது, மைதா, கோகோ தூள், சர்க்கரை, முட்டை, எண்ணெய், ஆப்பசோடா, பட்டைத்தூள் ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 9 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் உள்ள தகரத் தட்டில் ஊற்றிச் சுடுவார்கள். ஈஸ்ட் கிடையாது, மாவைப் புளிக்கவிடும் வேலையும் கிடையாது. சோடா உப்பவைக்கும் இவ்வகை அங்கே ‘விரைவு ரொட்டி’ எனப்படுகிறது. பெயரில் ரொட்டி என்றாலும் பண்பில் இது கேக்.

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இது வழிவழியாக வருவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. இதில் சேரும் காய்க்குப் பத்தாயிரம் ஆண்டு வயது. உப்பவைக்கும் உப்புக்கும் கோகோ தூளுக்கும் சுமார் இருநூறு ஆண்டு. ரொட்டியோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. ஒவ்வொரு பொருளும் தனித்தனி வழியில் வந்து, எல்லாமே மலிந்து, நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை அலமாரியில் ஒருசேர இடம்பிடித்த பிறகே இது பிறந்தது.

காயின் பூர்வீகம்

பரங்கி இனம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. தென் மெக்சிகோவின் ஒஆஹாகா மாநிலத்தில் கிலா நகீட்ஸ் என்ற குகையில் கிடைத்த விதைகளையும் காம்புகளையும் ஆராய்ந்த தொல்லியலாளர் புரூஸ் ஸ்மித், அங்கே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பரங்கி பயிரிடப்பட்டதாக 1997இல் எழுதினார். மக்காச்சோளமும் பீன்ஸும் பயிராவதற்கு வெகுகாலம் முன்பு இது. இன்றைய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் இதே இனத்தைத் தனியாகப் பழக்கியெடுத்தார்கள். காட்டுக் காய்களின் சதை கசக்கும் என்பதால் முதலில் தின்றது விதையைத்தான். காயின் ஓட்டைக் கலமாகவும் வலைமிதவையாகவும் பயன்படுத்தினார்கள். இனிப்பான சதை, தலைமுறை தலைமுறையாக விதை தேர்ந்தெடுத்து விதைத்ததன் பலன்.

ஐரோப்பியர் வந்தபோது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்காச்சோளம், பீன்ஸ், பரங்கி மூன்றும் ஒரே மேட்டில் ஊன்றப்பட்டன. சோளத்தட்டை பீன்ஸ் கொடி ஏறக் கொம்பானது. பீன்ஸ் மண்ணுக்குத் தழைச்சத்து தந்தது. பரங்கியின் அகன்ற இலைகள் தரையை மூடிக் களையை அடக்கி ஈரத்தைக் காத்தன. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோடெனோஷோனி மக்கள் இம்மூன்றையும் மூன்று சகோதரிகள் என்றார்கள்.

அறுவடைக்குப் பின் காயைக் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்துவது பெண்களின் வேலை. மிசௌரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்து மூதாட்டி பஃபலோ பேர்ட் உமன் சொன்ன வேளாண்மைச் செய்திகளை கில்பர்ட் வில்சன் என்ற மானிடவியலாளர் 1917இல் நூலாக வெளியிட்டார். காட்டெருமையின் தோள் எலும்பில் செய்த கத்தியால் காயை வில்லைகளாக அரிந்து, வில்லோ மரக்குச்சிகளில் கோத்து, மேடையில் காயவைப்பதை அவர் அதில் படிப்படியாக விவரிக்கிறார். வற்றிய வில்லைகள் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தன.

குடியேறிகளின் அடுப்பில்

கொலம்பஸின் பயணத்துக்குச் சில பத்தாண்டுகளுக்குள் பரங்கி ஐரோப்பாவை எட்டிவிட்டது. ரோமில் உள்ள வில்லா ஃபர்னெசீனா மாளிகையில் 1510களில் தீட்டப்பட்ட தோரண ஓவியங்களில் பரங்கிக் காய்கள் தொங்குகின்றன. பிரெஞ்சுச் சமையல் ஆசிரியர் லா வரென் 1651இல் வெளியிட்ட நூலில், பாலில் வேகவைத்த பரங்கியை மாவு ஓட்டில் இட்டுச் சுடும் பண்டம் இருக்கிறது. ஆக, 17ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸ் கரையேறிய ஆங்கிலேயர்களில் பலருக்கு இது முற்றிலும் அறியாத காய் அல்ல.

ஆனால் அங்கே அது விருந்துணவாக இருக்கவில்லை. கோதுமை சரியாக விளையாத அந்த மண்ணில் பஞ்சம் தாங்கிய காய் அது. தானியமும் கால்நடையும் பெருகும்வரை மக்களைக் காத்தது இதுதான், இகழ வேண்டாம் என்ற பொருளில் எட்வர்ட் ஜான்சன் 1654இல் வெளியான தம் நூலில் எழுதினார். காயின் தலையைச் சீவி, விதையை வழித்தெடுத்து, பாலை நிரப்பி, செங்கல் அடுப்பில் முழுசாகச் சுட்டுத் தின்றதும் உண்டு. கோதுமை மாவு பற்றாதபோது மக்காச்சோள மாவோடும் ரை தானிய மாவோடும் வெந்த பரங்கியைப் பிசைந்து ரொட்டி சுட்டார்கள். பரங்கி ரொட்டிக்கு மூதாதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஏழை ரொட்டிதான். அடர்த்தியானது, இனிப்பு குறைந்தது, வயிற்றை நிரப்புவதற்காக மட்டும் செய்யப்பட்டது.

ஹார்ட்ஃபர்ட் நகரில் 1796இல் அமீலியா சிமன்ஸ் என்பவரின் ‘அமெரிக்கன் குக்கரி’ அச்சானது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் வெளிவந்த முதல் சமையல் நூலாக அது கருதப்படுகிறது. பரங்கிக்கு அதில் இரண்டு செய்முறைகள் உள்ளன. ஒன்று வசதியுள்ள வீட்டுக்கு: வேகவைத்து வடிகட்டிய பரங்கியில் பாலேடு, ஒன்பது முட்டை, சர்க்கரை, ஜாதிபத்திரி, ஜாதிக்காய், சுக்கு சேர்த்து மாவு ஓட்டில் முக்கால் மணி நேரம் சுடுவது. மற்றொன்று சிக்கனமானது: பாலேட்டுக்குப் பதில் பால், ஒன்பது முட்டைக்குப் பதில் நான்கு, சர்க்கரைக்குப் பதில் கரும்பு ஆலைக் கழிவுப் பாகான மொலாசஸ். இன்றைய பரங்கி ‘பை’ இந்த இரண்டிலிருந்து வந்தது.

அதைத் தேசியப் பண்டிகையோடு சேர்த்துக் கட்டியவர்களில் முதன்மையானவர் பத்திரிகை ஆசிரியர் சேரா ஜோசஃபா ஹேல். அவர் 1827இல் எழுதிய ‘நார்த்வுட்’ நாவலின் நன்றி கூறும் விருந்தில் பரங்கி பை இடம்பெற்றது. ‘கோடீஸ் லேடீஸ் புக்’ இதழின் ஆசிரியராக இருந்து, தேங்க்ஸ்கிவிங் என்ற அந்த நன்றி கூறும் நாளை நாடு முழுவதற்கும் பொதுவாக்க வேண்டுமென்று அவர் ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழனை நன்றி கூறும் நாளாக அறிவித்தார். அதன்பின் பரங்கி ஏழையின் காய் என்ற பெயர் மாறி, அறுவடைக் காலத்தின் அடையாளமாயிற்று.

சாம்பலிலிருந்து சோடா

சிமன்ஸின் நூலில் இன்னொரு புதுமையும் உண்டு. ஈஸ்டோ அடித்த முட்டையோ இல்லாமல் மாவை உப்பவைக்க, ‘பேர்ல் ஆஷ்’ என்ற உப்பைச் சில பண்டங்களில் சேர்க்கச் சொல்கிறார். மரச்சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி, சுட்டெடுத்த பொட்டாசியம் கார்பனேட் அது. காடு அழித்துக் கழனி திருத்திய குடியேறிகளிடம் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க அரசு 1790 ஜூலை 31இல் வழங்கிய முதல் காப்புரிமையே, இவ்வுப்பை மேம்பட்ட முறையில் தயாரிக்க சாமுவேல் ஹாப்கின்ஸ் கண்ட வழிக்குத்தான். புளித்த பாலிலோ மொலாசஸிலோ உள்ள அமிலத்தோடு இது சேர்ந்தால் கரியமில வாயு பிறந்து மாவை உயர்த்தும். அளவு சற்றுக் கூடினாலோ சோப்பு நாற்றம் அடிக்கும்.

சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா, இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் 1846இல் அமெரிக்காவில் இதைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினார்கள். அமிலத்தையும் காரத்தையும் ஒரே தூளில் கலந்த பேக்கிங் பவுடரை இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் உருவாக்கியிருந்தார். ஹார்வர்டு வேதியியலாளர் எபன் ஹார்ஸ்ஃபர்ட் அதற்கேற்ற பாஸ்பேட் அமில உப்புக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். மாவை முந்தின இரவே பிசைந்து வைத்துக் காத்திருக்கும் கட்டாயம் இதனால் நீங்கிற்று. கலந்த கையோடு அடுப்பில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ரொட்டி தயார்.

பானமாக இருந்த சாக்லேட்

கோகோவும் பரங்கியைப் போலவே அமெரிக்கக் கண்டத்துப் பொருள். மாயாக்களும் அஸ்டெக்குகளும் கோகோ விதையை அரைத்து நுரைபொங்கும் பானமாக்கினார்கள். அரைத்த பரங்கி விதை மெக்சிகோ குழம்புகளில் இன்றும் முக்கியமான சேர்மானம். அங்கே மோலே என்ற குழம்பின் சில வகைகளில் பரங்கி விதையும் சாக்லேட்டும் சேர்ந்தே அரைபடுகின்றன. ஆனால் இனிப்பு ரொட்டியில் இவை இரண்டும் சேர்ந்த வரலாறு மெக்சிகோவிலிருந்து நேராக வரவில்லை. ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

மாசசூசெட்ஸின் டார்செஸ்டரில் நெப்பான்செட் ஆற்றங்கரையில் 1760களின் நடுவில் ஜான் ஹானன் என்ற அயர்லாந்துக்காரரும் ஜேம்ஸ் பேக்கர் என்ற மருத்துவரும் தண்ணீர் விசையில் சுழலும் சாக்லேட் ஆலையைத் தொடங்கினார்கள். 1780 முதல் அது பேக்கர் குடும்பத்தின் கையில் வளர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கோகோவை அரைத்து விற்ற அந்தக் கட்டிகள் வெந்நீரில் கரைத்துக் குடிப்பதற்கானவை. அக்கோகோவின் பின்னாலும், அதற்கு இனிப்பேற்றிய சர்க்கரைக்குப் பின்னாலும், நியூ இங்கிலாந்தின் மொலாசஸ் வணிகத்துக்குப் பின்னாலும் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு இருந்தது.

நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் காப்புரிமை பெற்ற அழுத்துபொறி நிலைமையை மாற்றியது. அரைத்த கோகோவிலிருந்து ஏறத்தாழ பாதிக் கொழுப்பைப் பிழிந்தெடுத்துவிட்டு, எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே கோகோ தூள். அதைக் காரத்தில் பதப்படுத்தினால் நிறம் கறுத்து, புளிப்பும் கசப்பும் தணியும். அத்தகைய தூள் இன்றும் ‘டச்சு’ கோகோ எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கேக்குக்குச் சாக்லேட் மேற்பூச்சாகவே இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் அது மாவுக்குள்ளேயே கலக்கப்பட்டது. பேக்கர் நிறுவனம் சமையல் ஆசிரியை மரியா பார்லோவா போன்றோரின் செய்முறைகளைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டுப் பரப்பியது. மாசசூசெட்ஸின் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, சாக்லேட்டைத் துண்டாக்கி பிஸ்கட் மாவில் சேர்த்த செய்முறை 1938இல் புகழ்பெற்றது. அதைத் தொடர்ந்து சாக்லேட் துளிகள் பைகளில் அடைபட்டுக் கடைக்கு வந்தன. பரங்கி ரொட்டியில் சாக்லேட் புகுந்தது இவ்விரு வழிகளில்: மாவில் கரையும் கோகோவாகவும், சுட்டபின் வாயில் தட்டுப்படும் துளியாகவும்.

டின்னில் அடைபட்ட பரங்கி

காயை வெட்டி, விதை நீக்கி, வேகவைத்து, மசித்து, வடிகட்டுவது அரைநாள் வேலை. அந்த வேலையை ஆலை ஏற்றுக்கொண்டதும் பரங்கி அன்றாடச் சமையலுக்கு எளிதாயிற்று. டின்னில் அடைத்த பரங்கி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு வந்தது. அதன் தலைமையிடம் இல்லினாய் மாநிலம். கென்டக்கியிலிருந்து 1835இல் அங்கே குடிபெயர்ந்த எலைஜா டிக்கின்சன் கையோடு கொண்டுவந்த விதையின் வழிவந்ததே ‘டிக்கின்சன்’ பரங்கி. அவருடைய வழித்தோன்றல்கள் பதனீட்டு ஆலைகள் நடத்தினார்கள். அத்தொழிலை சிகாகோவின் லிபி நிறுவனம் 1929இல் வாங்கிற்று. பின்னர் லிபி பெயர் நெஸ்லேயிடம் போனது. பியோரியா நகருக்கு அருகிலுள்ள மார்ட்டன் ஊர் ஆலையிலிருந்துதான் அமெரிக்காவில் விற்கும் டின் பரங்கியில் மிகப் பெரும்பகுதி இன்றும் வருகிறது.

டின்னுக்குள் இருப்பது ஹாலோவீன் நாளில் முகம் செதுக்கி விளக்கு வைக்கும் செம்மஞ்சள் காய் அல்ல. அந்தக் காயின் சதை நார்நாராக, நீர்த்து, சுவையற்று இருக்கும். டிக்கின்சன் காய் நீண்டு, மங்கலான பழுப்புத் தோலோடு, கெட்டியான இனிப்புச் சதை கொண்டது. தாவரவியல்படி இரண்டும் வெவ்வேறு இனங்கள். பொன்னிறச் சதையுள்ள இனிப்பு வகைகள் எல்லாவற்றையும் பரங்கி என்ற பெயரிலேயே விற்கலாம் என்பது 1938 முதல் அமெரிக்க உணவு மருந்துத் துறையின் நிலை.

ஒரே வட்டாரத்தை நம்பியிருப்பதன் ஆபத்து 2009இல் தெரிந்தது. தொடர்மழையில் இல்லினாய் வயல்களுக்குள் அறுவடை வண்டிகள் இறங்க முடியவில்லை. காய் மண்ணோடு மண்ணாக உழப்பட்டது. அந்தப் பண்டிகைக் காலத்தில் நாடெங்கும் கடை அலமாரிகளில் டின் பரங்கிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

ரொட்டி உருவான காலம்

செங்கல் அடுப்பிலும் பின்னர் வந்த இரும்பு அடுப்பிலும் சூட்டை அளக்கும் கருவி மனிதக் கைதான். உள்ளே கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். தடித்த, ஈரமான மாவை ஒரு மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருப்பது அதில் பெரும்பாடு. 1910களில் எரிவாயு ஓவன்களுக்கு வெப்பச்சீராக்கி வந்தது. 1896இல் வெளியான ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையல் பள்ளி நூல், கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்கும் முறையை ஏற்கெனவே நிலைநாட்டியிருந்தது. அளவும் சூடும் எண்களாக எழுதப்பட்டதும், ஒரு வீட்டுச் செய்முறை அட்டையில் எழுதப்பட்டு அடுத்த வீட்டிலும் அதேபோல் வரத் தொடங்கிற்று.

விரைவு ரொட்டி வகையில் முதலில் பெயர் பெற்றது வாழைப்பழ ரொட்டி. பொருளாதார மந்தம் நிலவிய 1930களில், கனிந்து கறுத்த பழத்தை வீணாக்காமலும் சோடா விற்பனைக்குத் துணையாகவும் அது பரவியது. பில்ஸ்பரி நிறுவனத்தின் 1933ஆம் ஆண்டுச் சமையல் நூலில் அது இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1942 முதல் 1947 வரை நீடித்தது. அது நீங்கியபின், தாவர எண்ணெய் மலிந்த காலத்தில், வெண்ணெயைக் குழைத்து அடிக்கும் வேலை இல்லாத எண்ணெய்க் கேக்குகள் பெருகின. கேரட் கேக்கும் சுக்கினிக் காய் ரொட்டியும் பரங்கி ரொட்டியும் இந்த வரிசை.

1960, 70களில் கைமாறிய பரங்கி ரொட்டிச் செய்முறைகளில் ஒரே அளவு திரும்பத் திரும்ப வருகிறது: ஒரு டின் பரங்கி, நான்கு முட்டை, ஒரு கோப்பை எண்ணெய், முக்கால் கோப்பைக்குச் சற்றுக் குறைவான தண்ணீர், மூன்று கோப்பை சர்க்கரை, மூன்றரைக் கோப்பை மாவு. டின்னில் மீதமில்லாதபடி போட்ட கணக்கு இது. இரண்டு ரொட்டி வரும். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று அண்டை வீட்டுக்கோ தேவாலய விற்பனைக்கோ. தகரத் தட்டு இல்லாதவர்கள் காலியான காப்பித்தூள் டின்னில் சுட்டார்கள். உருளையாக வந்த ரொட்டி வட்ட வில்லைகளாக அரியப்பட்டது. சாக்லேட் சேர்த்த வகை இதன் கிளையாகக் கிளைத்து, நூற்றாண்டின் இறுதிக்குள் நிலைபெற்றது.

நறுமணத்தின் கதையும் இதே காலத்ததுதான். பட்டை, சுக்கு, ஜாதிக்காய் முதலியவற்றைக் கலந்த ‘பரங்கி பை மசாலா’வை பால்ட்டிமோரின் மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் அறிமுகப்படுத்தியது. அமெரிக்கக் கடைகளில் பட்டை என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் காசியா. மென்மையான இலங்கைக் கறுவா தனி விலைக்கு விற்கும். காப்பிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸ் 2003இல் இதே மசாலா மணத்தில் காப்பியை இறக்கியபின், பரங்கி மணம் இலையுதிர்காலத்தின் வணிகச் சின்னமாகவே ஆகிவிட்டது.

பக்குவத்தின் காரணங்கள்

பரங்கி விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆனால் அது ஓடும் தண்ணீர் அல்ல; நாரும் பெக்டினும் பிடித்துவைத்த தண்ணீர். அதனால் ரொட்டி சுட்டபின்னும் நாள்கணக்கில் ஈரப்பதம் காக்கிறது. வெண்ணெய் ஆறியதும் இறுகும், எண்ணெய் இறுகாது. மென்மைக்கு இதுவும் ஒரு காரணம். மாவைச் சேர்த்தபின் அதிகம் கலக்கினால் கோதுமைப் புரதம் இழுபட்டு ரொட்டி ரப்பராகும். மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிளறினால் போதும்.

கோகோவின் வகை பார்த்தே உப்பவைக்கும் பொருளைத் தேர வேண்டும். சாதாரண கோகோ தூள் அமிலத்தன்மை உடையது. ஆப்பசோடாவோடு வினைபுரிந்து வாயு தரும். டச்சு கோகோவில் அந்த அமிலம் இல்லை. அதற்கு பேக்கிங் பவுடர் தேவை. மாற்றிப் போட்டால் ரொட்டி அமுங்கும், அல்லது சோடா கசப்பு நாக்கில் நிற்கும். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 175 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட்டு, நடுவில் குச்சியைக் குத்திப் பார்க்க வேண்டும். ஈர மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தது என்று பொருள். கறுத்த மாவில் நிறம் பார்த்துப் பதம் அறிய முடியாது என்பதால் குச்சிதான் சாட்சி. ஆறவைத்து மூடி மறுநாள் அரிந்தால் மசாலா மணம் கூடியிருக்கும்.

தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் பரங்கிக்காயும் டிக்கின்சன் பரங்கியும் குக்கர்பிட்டா மோஸ்கேட்டா என்ற ஒரே இனம். ஆகவே டின் இல்லாத இடத்திலும் இந்த ரொட்டிக்குத் தடை இல்லை. முற்றிய காயைத் தண்ணீரில் வேகவைக்காமல் ஆவியில் வேகவைத்து மசித்து, துணியில் கட்டி நீரை வடித்து, கரண்டியில் எடுத்தால் சரியாமல் நிற்கும் பதத்தில் சேர்க்க வேண்டும்.